இடைவேளை வரை

பிப்ரவரி 22, 2023. சாம்பல் புதன்

காலை ஆறு மணிப் பூசை. மூன்று வரிசை காலியாக இருந்தது. ஓய்வுபெற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியும் தலைகளை எண்ணும் நிருபர் பழக்கம் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா டிவியை ஊதாத் துணியால் மூடினாள். கோயிலில் புனிதர்களின் சுரூபங்களைத் தவக்காலத்தின் கடைசியில்தான் மூடுவார்கள். எங்கள் வீட்டில் டிவியைச் சாம்பல் புதனன்றே மூடிவிடுவாள். இனி ஈஸ்டர் வரை படமும் இல்லை, தொடரும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் வழக்கம். அவளுக்கு இது சிறிய விஷயம் அல்ல. ‘சம்பந்தியம்மா சௌக்கியமா’ தொடரை ஒரு நாள் விடாமல் பார்ப்பவள். நேற்றுக் காட்சியில் மருமகள் மாடிப்படி விளிம்பில் நின்றாள், பின்னால் ஒரு கை நீண்டது.

“தள்ளிவிடுவாளா?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? நாப்பது நாளும் அங்கனயே நிக்கட்டும்” என்றாள்.

காலையில் பூசை முடிந்து வரும்போது, கோயில் பத்திரிகையான பங்கு மடலை நடத்தும் சிஸ்டர் ஜோவிட்டா வாசலில் பிடித்துக்கொண்டார். ஈஸ்டர் இதழுக்கு எனக்குப் பிடித்த புத்தகங்கள், படங்கள், தொடர்கள் மொத்தம் பத்து வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் சில வரிகள்.

“தவக்காலத்தில் சினிமாவைப் பற்றியா, சிஸ்டர்?”

“பாக்கக் கூடாதுன்னுதானே ஐயா தவக்காலம்? நினைக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?”

ஏப்ரல் 1-க்குள் தர ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

பரணிலிருந்து நோட்டுகளை இறக்கினேன். பதினாறு. நாளிதழ் வேலையோடு, கத்தோலிக்க வார இதழ் ஒன்றுக்கும் பத்தொன்பது ஆண்டுகள் விமர்சனம் எழுதினேன். விமர்சனத்தின் கடைசி வரியில் ஒரு தரம் இருக்கும்: ‘அனைவரும் காணலாம்’, ‘பெரியோர் காணலாம்’, ‘தவிர்க்கவும்’. கோயில் பங்குகளில் பலர் அந்தக் கடைசி வரியை மட்டுமே படித்தார்கள் என்பதை அறிவேன்.

நோட்டில் ஒரு படத்துக்கு ஒரு வரி. தேதி, தியேட்டர், காட்சி, பெயர், கடைசியில் ‘முழுதும்’ என்ற சொல். புத்தகத்துக்கும் அப்படியே. முடிக்காத புத்தகத்துக்கு எதிரே ‘பக். 112 வரை’ என்று இருக்கும். ‘முழுதும்’ இல்லாத எதைப் பற்றியும் எழுதுவதில்லை. இது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

மாலை ஐந்துக்குக் கோயிலில் சிலுவைப்பாதை; தவக்கால வெள்ளிதோறும் பதினான்கு ஸ்தலங்களில் நின்று வாசித்துச் செபிப்பது.

பிப்ரவரி 27, திங்கள்

மூன்று முடிந்தன.

ஒன்று, ‘ஊமை மடத்துச் சமையல்காரர்’. மொழிபெயர்ப்பு நாவல். பேசா விரதம் பூண்ட துறவிகளுக்கு ஐம்பது ஆண்டுகள் சமைத்தவரின் கதை. எது யாருக்குப் பிடிக்கும் என்பதைத் திரும்பி வரும் தட்டுகளைப் பார்த்து அவர் அறிவார். செபத்தைப் பற்றி நான் படித்ததில் சிறந்தது. செபம் என்ற சொல் அதில் இரண்டு இடங்களில்தான் வருகிறது.

இரண்டு, ‘மீட்டர்கேஜ்’. படம். மூடப்படப் போகும் ரயில் நிலையத்தில் கடைசி மாதத்தைக் கழிக்கும் நிலைய அதிகாரி. யாரும் இறங்காத நாளிலும் விளக்கை ஏற்றுகிறார்.

மூன்று, ‘பதினேழாம் நம்பர் வீடு’. தொலைக்காட்சித் தொடர், பதின்மூன்று வாரம். பகைத்துக்கொண்ட இரு சகோதரிகள் ஒரே கிணற்றில் வாளி இறக்குகிறார்கள். பன்னிரண்டு வாரம் பேசுவதில்லை.

எனக்குப் பிடித்தவற்றில் ஆட்கள் குறைவாகத்தான் பேசுகிறார்கள். இன்று வரிசையாக எழுதியபோதுதான் கவனித்தேன்.

மார்ச் 1, புதன்

ரெஜினாவின் தம்பி அமலதாஸ் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று போன் வந்தது. காலை பஸ்ஸில் போயிருக்கிறாள். நானே சோறு வடித்தேன். குழைந்துவிட்டது.

மார்ச் 3, வெள்ளி

பதினோராம் நோட்டு, 1994. ஒரு வரியில் மட்டும் கடைசிச் சொல் இல்லை. எழுத மறந்திருக்கலாம்.

நோட்டை மற்றவற்றோடு வைக்காமல் தனியே வைத்திருக்கிறேன்.

மார்ச் 6, திங்கள்

ரெஜினா திரும்பினாள். பையைக்கூட இறக்கவில்லை.

“ஈரல் போச்சாம். முகமெல்லாம் மஞ்சளா கெடக்கு.”

“குடிப்பானா?”

“குடிச்சாத்தான் போவுமா? என்னைக்கோ வந்த காமாலையாம், உள்ளயே இருந்து முத்திப்போச்சு. உங்களுக்கு எப்பவும் விசாரிக்கதுக்கு முன்னாலயே தீர்ப்பு.”

அவள் குளிக்கப் போனாள். நான் பையைப் பிரித்து அழுக்குத் துணிகளை ஊறப்போட்டேன்.

அமலதாஸ் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இடையில் என் மாமியாரின் அடக்கத்துக்கு மட்டும் ஊருக்கு வந்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டான். கல்யாண வீடியோ எடுப்பது தொழில். ரெஜினா சமையலறையில் நின்று அவனோடு போனில் பேசுவாள். நான் உள்ளே போனால் பேச்சு மருந்துக்கும் மழைக்கும் மாறிவிடும்.

மார்ச் 10, வெள்ளி

எட்டு முடிந்தன. சிலுவைப்பாதைக்கு முன் சிஸ்டரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

“நல்லாருக்கு ஐயா. ஆனா எல்லாத்துலயும் சோகம். சிரிக்கிற மாதிரி ஒண்ணு போடுங்க.”

“அடுத்தது என் மனைவியின் தொடர்.”

சிரித்தார். பிறகு, “அமலதாஸ்னு ஒருத்தர் நம்ம ஊர்லயிருந்து போய்ப் படம் எடுத்தாராமே? ‘மூன்றாம் மணி’ன்னு. பெரியவங்க சொல்லுதாங்க. நீங்க பாத்திருக்கீங்களா?” என்றார். அவன் என் மைத்துனன் என்பது சிஸ்டருக்குத் தெரியாது. இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

“பார்த்திருக்கிறேன்” என்றேன்.

அது பொய்யல்ல.

மார்ச் 11, சனி

அது பொய்யல்ல என்று எழுதியதை இன்று படித்தேன். பத்திரிகையில் ஒருவர் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியை நானே கேட்டிருப்பேன். அதனால் தகவல்கள் மட்டும்.

‘மூன்றாம் மணி’, 1994 மார்ச் 4, வெள்ளிக்கிழமை வெளியானது. எட்டு ஆண்டு உதவி இயக்குநராக இருந்துவிட்டு அமலதாஸ் எடுத்த முதல் படம். கடற்கரைக் கிராமம். கோயிலைத் திறந்து மூடி மணியடிக்கும் கோயில்பிள்ளைதான் நாயகன். பூசைக்கு முதல் மணி, இரண்டாம் மணி, பூசை தொடங்கும்போது மூன்றாம் மணி. இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அவனுடைய மகள் கடலில் மூழ்கிப்போகிறாள். அவன் மூன்றாம் மணியை அடிப்பதில்லை. கோபுரத்தில் ஏறி மணியின் நாக்கைக் கழற்றிக் கிணற்றில் எறிகிறான். பீடத்தின் முன் நின்று சொல்லக் கூடாததைச் சொல்கிறான். திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து விழுகிறது.

அடுத்த வியாழக்கிழமை வந்த என் விமர்சனத்தின் கடைசி வாக்கியம்: ‘கடவுளைப் பழித்து முடியும் இப்படம் விசுவாசத்துக்கு ஊறு.’ தரம்: தவிர்க்கவும்.

பல பங்குகளில் அதை ஞாயிறு அறிவிப்போடு வாசித்தார்கள். கடற்கரை ஊர்களில் படத்துக்கு ஆள் போகவில்லை. இரண்டாம் வாரத்தோடு எடுத்துவிட்டார்கள். அமலதாஸ் அடுத்த படம் எடுக்கவில்லை.

‘முடியும்’ என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 13, திங்கள்

ஒன்பதாவதாக ‘சம்பந்தியம்மா சௌக்கியமா’. ரெஜினாவிடம் வாசித்துக் காட்டினேன். கதாபாத்திரத்தின் பெயர் ஒன்று தப்பு என்றாள். திருத்தினேன்.

பத்தாவது இல்லை.

மார்ச் 17, வெள்ளி

காலையில் இட்லி வைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். “அமலு படம் எங்கேயாவது கிடைக்குமா?”

கரண்டியை வைத்தாள். பீரோவைத் திறந்து சேலைகளுக்கு அடியில் கைவிட்டு ஒரு வீடியோ கேசட்டை எடுத்து வந்தாள். ரொட்டி உறையில் சுற்றி, மேலே நூல் கட்டியிருந்தது.

“இதைக் கேக்க இருபத்தொம்போது வருசமா?”

“பட்டியலுக்கு ஒரு விவரம் சரிபார்க்க வேண்டும்.”

“ஆமா. விவரம்” என்றாள். இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

அந்த பீரோவில்தான் என் வேட்டிகளும் இருக்கின்றன.

மார்ச் 18, சனி

மார்க்கெட் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் முத்துக்குட்டியிடம் கொடுத்தேன். விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

“பூஞ்சை புடிச்சிருக்கு சார். துடைச்சுத் துடைச்சுத்தான் ஓட்டணும். முன்பாதி நல்லாருக்கு. பின்பாதிதான் மோசம்.”

“பின்பாதிதான் வேண்டும்.”

“எல்லாரும் கல்யாணக் கேசட்ல தாலி கட்டுறத மட்டும்தான் கேப்பாங்க. நீங்க ஒரு ஆளுதான் சார் பின்பாதி கேக்கிய.”

ஒரு வாரம் ஆகும் என்றார்.

மார்ச் 20, திங்கள்

சூசையப்பர் திருநாள். நேற்று ஞாயிறு என்பதால் இன்றைக்கு மாற்றியிருந்தார்கள். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முத்துக்குட்டிக்கு இரண்டு தரம் போன் செய்தேன்.

மார்ச் 24, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பகல் 12: முத்துக்குட்டி படத்தைப் பென் டிரைவில் ஏற்றித் தந்தார்.

2.30: இன்னும் பதினாறு நாள்தான், ஈஸ்டர் கழிந்து பார்க்கலாம் என்று ரெஜினாவிடம் சொன்னேன். இத்தனை ஆண்டில் ஒரு தவக்காலத்திலும் அந்தத் துணியை எடுத்ததில்லை.

“ஈஸ்டர் வரைக்கும் இருப்பான்னு டாக்டர் எழுதிக் குடுத்துருக்காரா?” என்றாள். எழுந்து போய் ஊதாத் துணியை அவளே எடுத்தாள். நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

3.00: படம் தொடங்கியது. அவ்வப்போது படத்தில் வெள்ளைக் கோடுகள்.

4.12: ‘இடைவேளை’ என்று எழுத்து விழுந்தது. ரெஜினா படத்தை நிறுத்தினாள். காபி போட்டுக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். நின்றுகொண்டே கேட்டாள்.

“கோயிலுக்குப் போவலியா? சிலுவைப்பாதைக்கு நேரமாச்சே.”

டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“படம் வந்த அன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான். ஸ்தலம் வாசிக்க முறை உங்களுக்கு. நான் மூணாவது பெஞ்சுல இருந்தேன். படம் அஞ்சே முக்காலுக்கு முடியும்னு தம்பி சொல்லியிருந்தான். அஞ்சு மணிக்கு நீங்க முதலாம் ஸ்தலத்துல நின்னு வாசிக்கிய.”

“தெரியுமா உனக்கு?”

“கண்ணு இருக்குல்லா.”

“ஏன் கேட்கவில்லை?”

“மறுநாள் போய் மிச்சத்தைப் பாத்துட்டுத்தான் எழுதுவியன்னு நெனச்சேன். வியாழக்கிழமை பேப்பர் வந்தது. படிச்சேன். சரி, நாளைக்கு அவரே வாயத் தொறப்பாருன்னு இருந்தேன். நாளைக்கு நாளைக்குன்னு தலை நரைச்சுப்போச்சு.”

சனிக்கிழமை பார்க்கத்தான் நினைத்திருந்தேன். அன்று காலை மலைப்பாதையில் ஒரு வேன் கவிழ்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு நாளும் அங்கேயே இருந்தேன். ஞாயிறு மாலை வார இதழுக்குக் கடைசி நேரம். பார்த்த பாதியே போதும் என்று தோன்றியது. முடிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றும் தோன்றியது. இதை அவளிடம் சொன்னேன்.

“சரி. இப்பம் என்ன செய்யப் போறிய?” என்றாள்.

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. தவக்கால வெள்ளியில் நான் போகாதது இதுதான் முதல் தடவை.

4.30: பின்பாதி. கோயில் பூட்டிக் கிடக்கிறது. கோயில்பிள்ளை யாரோடும் பேசுவதில்லை. ஊரில் ஒரு கிழவி சாகிறாள். அவனுடைய மகளைக் கரையில் தேடியவர்களில் அவளும் ஒருத்தி. துக்க மணி அடிக்க நாக்கு இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போகிறார்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு கோபுரத்தில் ஏறி, கிடைத்த கல்லை எடுத்து மணியில் அடிக்கிறான். கை கிழிகிறது. பெட்டி குழிக்குள் இறங்கும்வரை அடிக்கிறான். மறுநாள் கிணற்றில் இறங்குகிறான். ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழு தடவை முங்குகிறான். நாக்கை அவன் எடுப்பதை நமக்குக் காட்டுவதில்லை. ஈரத் துணியோடு அவன் கோபுரப்படி ஏறுவதும், திரை இருண்டபின் மணி கேட்பதும்தான் முடிவு. ஒரு நிமிடத்துக்கு மேல் மணி மட்டும்.

பிரசங்கம் ஒன்றுகூட இல்லை. அவன் கடவுளிடம் மன்னிப்பும் கேட்பதில்லை. அடிக்க வேண்டிய மணியை அடிக்கிறான், அவ்வளவுதான்.

5.36: முடிந்தது. ரெஜினா துணியை விரித்து டிவியை மறுபடி மூடினாள். ஓரங்களை இழுத்துச் சரிசெய்ய எப்போதையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 26, ஞாயிறு

மதுரை. அமலதாஸ் தலையணையில் சாய்ந்திருந்தான். வயிறு வீங்கி, கைகள் குச்சியாகி இருந்தன. ரெஜினா கஞ்சி வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள்.

“வாங்க அத்தான். உடம்பு இளைச்சிட்டிய.”

சொல்ல வேண்டியவன் நான். “படம் பார்த்தேன் அமலு” என்றேன்.

“எந்தத் தியேட்டர்ல ஓடுது?”

சிரித்தான். சிரிப்பு இருமலாகியது. தண்ணீர் கொடுத்தேன்.

“முழுசாப் பார்த்தேன். அன்றைக்கு இடைவேளை வரைதான் பார்த்தேன்.”

“தெரியும். ரெண்டு டீ வாங்கிட்டு வெளிய நின்னேன். நீங்க சைக்கிள எடுத்துட்டுப் போனிய. நிருபர்லா, எங்கயோ ஆக்சிடென்ட் போலன்னு நெனச்சேன். வந்துருவியன்னு டீ ஆறுத வரைக்கும் நின்னேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “பொறவு ரெண்டையும் நாந்தான் குடிச்சேன்.”

“ஏன் யாரிடமும் சொல்லவில்லை?”

“சொன்னா என்ன ஆவும்? பேப்பர்க்காரரு சொல்லுதத நம்புவாவளா, அவரு பொண்டாட்டி தம்பி சொல்லுதத நம்புவாவளா? அதுவும் போவ, அக்கா அந்த வீட்டுல இருக்கணும்லா.”

மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சொற்களில் என்று இங்கே எழுதப் போவதில்லை.

சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கு முன்னாலயே தெரியும் அத்தான். எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அன்னைக்கு அதைப் படிச்சாங்கள்லா, அவங்ககிட்ட சொல்லுங்க.”

ரெஜினா வந்தாள். கஞ்சி ஆறிப்போயிருந்தது. வெகுநேரம் வெளியிலேயே நின்றிருக்க வேண்டும்.

மார்ச் 28, செவ்வாய்

பத்தாவது எழுதினேன். நாளிதழில் திருத்தம் போடும் முறை எனக்குத் தெரியும். காரணம் சொல்லக் கூடாது. அடைமொழி கூடாது.

‘திருத்தம். 1994 மார்ச்சில் வெளியான “மூன்றாம் மணி” படத்துக்கு நான் எழுதிய விமர்சனம், 138 நிமிடப் படத்தை இடைவேளை வரை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. படம் கடவுளைப் பழித்து முடிகிறது என்பது தவறு. பின்பாதியை நான் அப்போது பார்க்கவில்லை. “தவிர்க்கவும்” என்ற தரம் திரும்பப் பெறப்படுகிறது. அனைவரும் காணலாம். இயக்குநர் அமலதாஸ் என் மனைவியின் தம்பி. அவருடைய தொழிலுக்கு இதனால் நேர்ந்த இழப்புக்கு நானே பொறுப்பு. எனக்குப் பிடித்த பத்தில் இது பத்தாவது. - சந்தியாகு.’

வார இதழ் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. பங்கு மடல்தான் இருக்கிறது.

சிஸ்டர் இரண்டு முறை படித்தார். “ஐயா, ஈஸ்டர் இதழ்ல இது வேணுமா? பாவசங்கீர்த்தனத்துல சொன்னாப் போதாதா?”

“அதைச் செய்துவிட்டேன் சிஸ்டர். ஆனால் தப்பு அச்சில் நடந்தது.”

“ஃபாதர்ட்ட கேக்கணும்.”

“கேளுங்கள். வரியை மாற்றுவதாக இருந்தால் பத்தையும் திருப்பித் தாருங்கள்.”

மார்ச் 31, வெள்ளி

ஃபாதர் சம்மதித்தார். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. சிலுவைப்பாதைக்குப் போனேன். கடைசி பெஞ்சில் இருந்தேன்.

ஏப்ரல் 1, சனி

அச்சுக்குப் போகுமுன் அமலுவுக்குப் போனில் வாசித்தேன். 

“நூத்தி முப்பத்தெட்டு இல்ல அத்தான். நூத்தி நாப்பத்தொண்ணு.”

“கேசட்டில் 138-தான் இருக்கிறது.”

“கேசட் போட்டவன் மூணு நிமிசம் வெட்டிட்டான். தியேட்டர்ல மணி இன்னும் கூட நேரம் அடிக்கும்.”

141 என்று மாற்றினேன்.

ஏப்ரல் 3, திங்கள்

அமலுவுக்கு நினைவு வந்து போகிறது. ரெஜினா மதுரைக்குப் போய்விட்டாள். ஈஸ்டருக்கு வர மாட்டாள்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

பூசையில் வானவர் கீதம் பாடும்போது மணிகளெல்லாம் அடித்தார்கள். அதோடு நின்றது. இனி ஈஸ்டர் வரை மணி கிடையாது, மரக்கட்டைதான் தட்டுவார்கள். அறுபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். கட்டைச் சத்தம் இவ்வளவு வறண்டது என்று இன்றுதான் பட்டது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

உபவாசம். ரெஜினா போன் செய்தாள். இருக்கிறான்.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

டிவி மேலிருந்த துணியை நானே எடுத்து மடித்து வைத்தேன். காலை ஆறு மணிப் பூசைக்கு ஐந்தேகாலுக்கே போய்விட்டேன். வாசலில் சிஸ்டர் பங்கு மடலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்தாவது எட்டாம் பக்கத்தில், தனிக் கட்டத்தில் இருந்தது. பிழை இல்லை.

செல்லதுரை வாத்தியார் விளக்குக் கம்பத்தடியில் நின்று படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “ஞாயிறு அறிவிப்புல அதை வாசிச்சது நாந்தான் சந்தியாகு” என்றார். மடலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

முதல் மணி அடித்தபோது ரெஜினாவுக்குப் போன் செய்தேன். முழித்திருக்கிறான் என்றாள். அவன் காதில் வைக்கச் சொன்னேன். இரண்டாம் மணிக்குக் கோபுரத்தின் அடியில் போய்ப் போனை மேலே தூக்கிப் பிடித்தேன். கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன். மூன்றாம் மணி அடித்து ஓயும்வரை நின்றுவிட்டு, போனைக் காதில் வைத்தேன்.

மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு குரல், மிக மெதுவாக.

“மூணாவதும் அடிச்சாச்சுல்லா அத்தான்? உள்ள போங்க. இந்தத் தடவை பாதியில எந்திச்சுப் போயிராதிய.”

உள்ளே போனேன். பதினோராம் நோட்டில் 4-3-1994-க்கு எதிரே இருபத்தொன்பது ஆண்டுகளாகக் காலியாக இருந்த இடத்தில், வீட்டுக்கு வந்ததும் இன்றைய மையில் எழுதினேன்: ‘24-3-2023, வீடு, பகல் காட்சி. முழுதும்.’

பூசை 7.25-க்கு முடிந்தது. அறிவிப்புகளையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.